கழுத்தில் டியூப் உள்ள பிள்ளை தானே சக்ஷன் எடுப்பது: எந்த வேலையை எப்போது கையில் கொடுக்கலாம்?

நொய்யல்கரை | ஜூன் 2, இரவு 9.10

எட்டு வயசுப் பொண்ணு. மூச்சு விடறதுக்குக் கழுத்துல ஓட்டை போட்டு வெச்ச டியூப் (டிராக்கியாஸ்டமி), அளவு 4.5. டியூபைச் சுத்தி ஊதற பலூன் (கஃப்) கிடையாது, மூச்சு குடுக்கற மிஷின் வெண்டிலேட்டரும் இல்லை. சக்ஷன், அதாவது மிஷின் வெச்சு டியூப்ல இருக்கற சளியை உறிஞ்சறது, அவளே எடுத்துக்கறா, சுத்தமாவே எடுக்கறா. பள்ளிக்கூடம் திறக்கப் போகுதுங்க. தானா எடுக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குப் பக்கத்துலயே ஒரு ஆள் எதுக்குங்கறது என் கட்சி. அவங்க அம்முச்சி (அம்மாவோட அம்மா) ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு அக்கா | ஜூன் 2, இரவு 10.25

அம்முச்சி கட்சிதான் ஜெயிக்கும்.

தானா செய்யறது வேற, தனியா விடறது வேற. டியூப்ல சளி காய்ஞ்சு அடைச்சுட்டாலோ, டியூப் வெளிய வந்துட்டாலோ கையில இருக்கறது சில நிமிஷம். முதல்ல பிள்ளை பதறும். ஆக்சிஜன் இறங்க இறங்க சோர்ந்து மயங்கும். அந்த நிலையில எட்டு வயசு இல்ல, இருபத்தெட்டு வயசு ஆளாலயும் தன் டியூபைத் தானே மாத்த முடியாது. அதனால பிள்ளை எவ்வளவு கெட்டியா கத்துக்கிட்டாலும், பயிற்சி எடுத்த பெரியவங்க எண்ணிக்கை குறையாது. அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2016ல வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டு வெண்டிலேட்டர்ல இருக்கற பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற ஒருத்தர் எந்நேரமும் விழிச்சிருக்கணும், குடும்பத்துல குறைஞ்சது ரெண்டு பேராவது பயிற்சி எடுத்திருக்கணும்னு சொல்லுது. உங்க பொண்ணு வெண்டிலேட்டர்ல இல்லை, சரி. ஆனா டியூப் அடைக்கறதுக்கு வெண்டிலேட்டர் தேவையில்லையே.

அப்ப பிள்ளை எதுக்குக் கத்துக்கணும்? ஆளைக் குறைக்க இல்லை. தன் உடம்பைத் தொடறது யாரு, எப்பத் தொடலாம், எப்ப நிறுத்தணும்னு அது சொல்றதுக்கு.

கட்டுத்தரை | ஜூன் 2, இரவு 10.41

எங்க பக்கம் அம்முச்சி சொன்னா அதுக்கு அப்பீல் கிடையாதுங்க. கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் தூங்கப் போலாம்.

வார்டு அக்கா | ஜூன் 3, காலை 6.15

முடியலை. எந்த வேலையை எப்பக் குடுக்கறதுன்னு யாரும் சொல்லலையே.

எல்லா வீட்லயும் முதல்ல சக்ஷனைக் கத்துக்குடுக்கறாங்க. அது நடுவுல வர்ற பாடம். முதல் பாடம் சொல்றது. ரெண்டு, மூணு வயசுலயே "சளி இருக்கு, எடு" அப்படீங்கறதை ஒரு சைகையில சொல்லப் பழக்கலாம். குரல் வராத பிள்ளைக்கு ரெண்டு விரலால தோளைத் தட்டினா போதும். கூடவே இன்னொரு சைகை: உள்ளங்கையைக் காட்டினா "நிறுத்து". அதைக் காட்டினா நிறுத்தியே ஆகணும், சளி பாதி நின்னாலும் சரி. ரெண்டு மூச்சு விடட்டும், மறுபடி ஆரம்பிங்க. நிறுத்துன்னு சொல்லி நிக்காத கையைப் பிள்ளை அடுத்த தடவை தட்டிவிடும். அதுக்கப்புறம் ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சுத்தான் எடுக்க வேண்டி வரும்.

அந்த வயசுலயே சாமான் பேரெல்லாம் தெரியணும். கேத்தீட்டர், அதாவது டியூபுக்குள்ள விட்டுச் சளி உறிஞ்சற மெல்லிய குழாய், அதோட முனையில இருக்கற நிறமே பாதி வேலையைச் செஞ்சுடும்: 6 நம்பர் இளம்பச்சை, 8 நீலம், 10 கருப்பு. "நம்ம கலர் எது?"ன்னு கேட்டு எடுத்துத் தரச் சொல்லுங்க. துணிப் பொம்மைக் கழுத்துல ஓட்டை போட்டு, கழட்டின பழைய டியூபைக் கழுவி வெச்சு நாடா கட்டிட்டா, பொம்மைக்குத் தினமும் அதுதான் டாக்டர்.

நாலு, அஞ்சு வயசுல நல்லா இருமித் தள்ளி, டியூப் வாயில வந்து நிக்கற சளியைத் தானே துடைக்கும். துடைக்க டிஷ்யூ பேப்பர் வேண்டாம், நனைஞ்சா பிய்ஞ்சு உள்ள போயிரும். மல்லுத்துணி வெச்சுக்குங்க. இருமி வெளிய வந்துட்டா சக்ஷனே தேவையில்லைங்கறதையும் அப்பவே சொல்லிக்குடுங்க. மிஷின் சுவிட்ச் போடறது, டியூபிங்ல (மிஷினோட சேர்ற நீளக் குழாய்) தண்ணி இழுத்து அலசறதெல்லாம் அந்த வயசு வேலை.

ஆறுல இருந்து எட்டுக்குள்ள, பெரியவங்க கை மேல தன் கை வெச்சுப் பழகி, அப்புறம் தன் கை மேல பெரியவங்க கை. பத்து வயசு வாக்குல பக்கத்துல ஆள் நிக்க முழுசும் தானே. வயசுக் கணக்கெல்லாம் உத்தேசம்தான். கை நடுக்கம், பார்வைக் குறை, புரிஞ்சுக்கறதுல தாமதம் இருக்கற பிள்ளைக்கு வேற கணக்கு. சில பிள்ளைங்க கடைசி வரைக்கும் "எடு", "நிறுத்து" சொல்றதோட நிக்கும். அதுவும் பெரிய காரியம்தான்.

கைவேலை டீச்சர் | ஜூன் 3, மதியம் 1.30

அக்கா சொன்னதோட கண்ணாடி விஷயத்தைச் சேர்க்கணும். ஆக்குபேஷனல் தெரபியில தினம் பார்க்கற தகராறு இது.

கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சா உடனே வந்துரும்னு நினைக்கறாங்க. பிள்ளை கேத்தீட்டரைக் கண்ணாடியில தெரியற கழுத்தை நோக்கி முன்னாடி கொண்டுபோகும், கன்னத்துல இடிக்கும். கண்ணாடியில பார்த்துக்கிட்டே பொட்டு வைக்கறது, சட்டை மேல் பட்டன் போடறதுன்னு ஒரு வாரம் பழகட்டும். அப்புறம் சக்ஷன் போடாம, காலி கேத்தீட்டர் முனையால டியூப் வாயைத் தொட்டுத் தொட்டு எடுக்கட்டும். சில பிள்ளைக்குக் கண்ணாடியே இடைஞ்சல். இடது கைச் சுட்டுவிரலை டியூப் வாய் ஓரத்துல வெச்சு, அந்த விரலைத் தடவிக்கிட்டே வலது கையால உள்ள விடும். அது இன்னும் சுத்தமா வரும்.

கேத்தீட்டரைப் பென்சில் பிடிக்கற மாதிரி, எவ்வளவு உள்ள போகணுமோ அந்த அளவுல பிடிக்கணும். விரல் டியூப் வாயில இடிச்சா நின்னாச்சு, அதுக்கு மேல போகவே வழியில்லை. கேத்தீட்டர் மிஷினோட சேர்ற பக்கம் ஒரு காத்துத் துளை இருக்கும், அதை மூடினாத்தான் உறிஞ்சும். அதை மூடறது இடது கைப் பெருவிரல். சோத்துக்கையில சளி படுதேன்னு சில பெரியவங்க முகம் சுளிப்பாங்க. வலது கைக்காரப் பிள்ளையை இடது கையால விடச் சொன்னா முனை நேரா போகாது, சுவத்துல உரசும். சோப்புப் போட்டு இருபது நொடி கழுவினா எந்தக் கையும் சோத்துக்கைதான்.

நொய்யல்கரை | ஜூன் 3, இரவு 8.50

அளவு அளவுங்கறீங்க. எவ்வளவுங்க? நாங்க இடிக்கற வரைக்கும் விட்டு, கொஞ்சம் பின்னாடி இழுத்துத்தான் எடுக்கறோம். மிஷின் முள்ளு 200ல நிக்கும்.

வார்டு அக்கா | ஜூன் 3, இரவு 9.05

ரெண்டையும் இன்னிக்கே நிறுத்துங்க.

இடிக்கற இடம் மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியற இடம். தினம் அங்க இடிச்சா புண்ணாகும், ரத்தம் வரும், புண்ணு ஆற ஆற சதை வளர்ந்து வழியை அடைக்கும். உள்ள போற நீளம் டியூப் நீளம்தான், மிஞ்சினா அரை சென்டிமீட்டர் கூட. அளக்கறது சுலபம். பையில இருக்கற அதே அளவு உதிரி டியூபுக்குள்ள ஒரு கேத்தீட்டரை விடுங்க. பக்கத்து ஓட்டைகள் அடியில எட்டிப்பார்க்கற இடத்துல நிறுத்தி, மேல டியூப் வாய் எங்க வருதுன்னு பாருங்க. அதுதான் உங்க அளவு. பெட்டியில அச்சடிச்ச நீளத்தை மட்டும் நம்பாதீங்க, மேல இருக்கற இணைப்புப் பாகம் அதுல சேராம இருக்கலாம். அளந்த கேத்தீட்டரைத் தூக்கிப் போட்டுருங்க, உதிரி டியூபைச் சுத்தம் பண்ணி மூடி வைங்க.

அந்த நீளத்துக்கு ஒரு கோடு அட்டையில போட்டுக் கண்ணாடி ஓரத்துல ஒட்டிருங்க. பிள்ளை ஒவ்வொரு தடவையும் கேத்தீட்டரைக் கோட்டோட வெச்சுப் பார்த்துப் பிடிக்கும். கேத்தீட்டர் மேல பிளாஸ்திரி சுத்தி அடையாளம் வைக்காதீங்க, கழண்டு உள்ள போனா அது வேற கதை. டியூப் அளவு மாறினா அட்டையும் மாறணும், இதைத்தான் மறந்துடறாங்க.

அழுத்தம் இந்த வயசுக்கு 80 முதல் 100 மி.மீ. பாதரசம். சளி ரொம்பக் கெட்டின்னா 120, அதோட சரி. டியூபிங்கை மடக்கிப் பிடிச்சுட்டு முள்ளைப் பார்த்துத் திருகுங்க. மடக்காமப் பார்த்தா குறைச்சலாக் காட்டும்.

கேத்தீட்டர் நம்பருக்கு ஒரு கணக்கு: டியூப் அளவை ரெண்டால பெருக்கு. 4.0க்கு 8. உங்க 4.5க்கு 9 வரும், கடையில 8ம் 10ம்தான் இருக்கும். 8ல எடுங்க, கெட்டிச் சளிக்கு 10 வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க. அவசரத்துல 8 நம்பர் ஃபீடிங் டியூபை வாங்கிட்டு வந்துடாதீங்க. பார்க்க ஒண்ணு போலிருக்கும், பெருவிரல் வைக்கற துளை இருக்காது. துளை இல்லைன்னா உள்ள போறப்பவே உறிஞ்ச ஆரம்பிக்கும்.

கட்டுத்தரை | ஜூன் 4, காலை 7.20

முள்ளு 200ல நிக்கறதைக் கேட்டப்ப எனக்குத் தோட்டத்து மோட்டார் ஞாபகம் வந்துதுங்க. சரி, ஒரு சந்தேகம். செலைன் ரெண்டு சொட்டு விட்டு எடுத்தா சளி இளகும்னு எல்லாரும் விடறாங்களே?

வார்டு அக்கா | ஜூன் 4, மதியம் 2.10

வழக்கமா ஒவ்வொரு தடவையும் விடறது வேண்டாம். செலைன் சளியோட கலந்து இளகறது கம்மி, விட்டதுல பாதி உள்ளேயே தங்கும், இருமல் கூடும். சளி கெட்டியாகுதுன்னா தண்ணி குடிக்கறது பத்தலை, இல்ல காத்து காய்ஞ்சிருக்கு. அதைச் சரி பண்ணுங்க. நெபுலைசர்ல செலைன் போடறது வேற, டாக்டர் சொன்ன அளவுல போடலாம். பிள்ளை கையில செலைன் ஊசியைக் குடுக்கவே வேண்டாம். இருமல் வர்றது வேடிக்கையா இருக்குதுன்னு விட்டுக்கிட்டே இருக்கும்.

எடுக்கற முறையை ஒரே ஓட்டமாச் சொல்லிடறேன். கை கழுவு, மிஷின் போடு, கொஞ்சம் தண்ணி இழுத்து உறிஞ்சுதான்னு பாரு. பெருவிரலைத் துளையிலிருந்து எடுத்துட்டு அளவு வரைக்கும் விடு. துளையை மூடி, கேத்தீட்டரை விரல்ல உருட்டிக்கிட்டே வெளிய இழு. உள்ள போய் வெளிய வர அஞ்சு நொடி, ரொம்பப் போனா பத்து. பிள்ளையே மனசுல ஒண்ணு ரெண்டு எண்ணட்டும். தண்ணி இழுத்து அலசு, நாலஞ்சு மூச்சு விடு, இன்னும் சத்தம் கேட்டா மறுபடி. மூணு தடவைக்கு மேல வேணும்னா பெரியவங்களைக் கூப்பிடு. கேத்தீட்டர் உள்ள போகாம இடிச்சு நின்னாலும் கூப்பிடு, அது அடைப்பு.

எப்ப எடுக்கறதுன்னும் தெரியணும். கொரகொரன்னு சத்தம், மூச்சு வேகம், மூக்கு விடைக்கறது, சளி டியூப் வாயில வந்து நிக்கறது. சும்மா ஒரு மணிக்கு ஒரு தடவைன்னு கடிகாரம் பார்த்து எடுக்கக் கூடாது. ஆனா காலையில எழுந்ததும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் சளி இல்லைன்னாலும் ஒரு தடவை விட்டுப் பார்க்கணும், டியூப் திறந்திருக்குதான்னு தெரிய. சாப்பிட்ட உடனே எடுத்தா வாந்தி வரும், சாப்பாட்டுக்கு முன்னாடி வெச்சுக்குங்க.

கைவேலை டீச்சர் | ஜூன் 4, மாலை 6.00

எடுத்த சளியைப் பார்க்கறதும் பாடம்தான். வெள்ளை, தண்ணியா இருந்தா சரி. மஞ்சள், பச்சை, நாத்தம், ரத்தக் கீத்து இருந்தா சொல்லணும். "சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க"ன்னு பிள்ளைங்க மறைக்கும். அதனால நாலு நிறம் அடிச்ச அட்டை ஒண்ணு வெச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு நிறத்துல டிக் போடச் சொல்லுங்க. கேள்வி கேக்கற வேலையும் மிச்சம், பொய் சொல்ற வேலையும் மிச்சம்.

அஞ்சாம் வகுப்பு மிஸ் | ஜூன் 8, இரவு 7.45

பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்து சிலது. யாரும் யோசிக்காதது அடையாள அட்டை நாடா. கழுத்துல தொங்கற அட்டை டியூப் மேல அடிக்கும், விளையாடறப்ப யாராவது நாடாவைப் பிடிச்சு இழுத்தா டியூபும் சேர்ந்து வரும். பாக்கெட்ல குத்தற கிளிப் போதும்னு தலைமையாசிரியர்கிட்ட முதல் நாளே சொல்லிருங்க. மாரியாத்தா கோயில்ல மந்திரிச்சுக் கட்டின கறுப்புக் கயித்தையும் கைக்கோ இடுப்புக்கோ மாத்திருங்க. சட்டை மேல் பட்டன் திறந்தே இருக்கட்டும்.

இடம்: கரும்பலகைக்கு எதிர்ல முதல் வரிசை வேண்டாம், சாக்பீஸ் தூள் அங்கதான். கதவுப் பக்கம் ரெண்டாவது வரிசை நல்லது, எழுந்து போறதுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. மேஜை மேல ஒரு சிவப்பு அட்டை. திருப்பி வெச்சா "சக்ஷனுக்குப் போறேன்"னு அர்த்தம், பாடம் நிக்காது. பக்கத்துல உக்கார்ற பிள்ளைக்கும் ஒரே ஒரு வேலை குடுங்க: இவ கையை வேகமா அசைச்சா மிஸ்ஸைக் கூப்பிடு. டியூபைத் தொடற வேலை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

விளையாட்டுல ஓடலாம், கோ-கோ ஆடலாம். கபடி வேண்டாம். மணல்ல உருள்றது, கிணறு, வாய்க்கால், நீச்சல் எதுவும் கிடையாது.

நொய்யல்கரை | ஜூன் 8, இரவு 8.20

மிஸ், பையில என்னென்ன வெக்கறதுங்க?

அஞ்சாம் வகுப்பு மிஸ் | ஜூன் 8, இரவு 8.40

அக்கா எழுதட்டும், எனக்கு அது வாங்கறப்பப் பார்த்துக் கையெழுத்துப் போடற லிஸ்ட் மட்டும்தான்.

வார்டு அக்கா | ஜூன் 8, இரவு 10.00

அதே அளவு டியூப் ஒண்ணு, அரை அளவு சின்னது ஒண்ணு, ரெண்டும் உள்ள செருகற வழிகாட்டிக் குச்சியோட. உங்களுக்கு 4.5ம் 4.0ம். வெட்டின நாடா ரெண்டு, முனை மழுங்கின கத்திரிக்கோல், தண்ணியில கரையற ஜெல்லி, கேத்தீட்டர் அஞ்சாறு, கையடக்க சக்ஷன் மிஷின், கரண்டே வேண்டாத கால்மிதி சக்ஷன் ஒண்ணு, முகமூடியோட அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்கற பை), செயற்கை மூக்கு (டியூப் வாயில மாட்டறது) ரெண்டு, தோளுக்கு அடியில வைக்க ஒரு துண்டு. ஜெல்லிக்குப் பதிலா தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம்.

பையைக் காலையில சரிபார்க்கறது பிள்ளை வேலை. படம் ஒட்டின அட்டையைப் பார்த்து ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டட்டும். ஆறு வயசுப் பிள்ளைகூட இதைப் பெரியவங்களைவிடக் கறாராச் செய்யும். பை எப்பவும் பிள்ளைகூடப் போகணும். ஆபீஸ் ரூம் பீரோவுல பூட்டின பை இல்லாததுக்குச் சமம்.

பையில ஒரு அட்டை. பேர், ரத்த வகை, டியூப் வகை, அளவு, கேத்தீட்டர் நம்பர், உள்ள விடற நீளம். முக்கியமா ஒரு வரி: "வாய், மூக்கு வழியா மூச்சு விட முடியும்" இல்ல "முடியாது". டியூப் வெளிய வந்து திரும்பப் போகலைன்னா 108ல வர்றவங்க முகத்துல அம்பு பேக் வெக்கறதா, கழுத்து ஓட்டையில வெக்கறதான்னு அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

டியூப் வெளிய வந்துட்டா பிள்ளை செய்ய வேண்டியது மூணே மூணு: சைகை காட்டு, உக்காரு, நாடியைத் தூக்கு. மத்ததெல்லாம் பெரியவங்க வேலை. தோளுக்கு அடியில துண்டு, குச்சி வெச்ச டியூபை வளைவுக்கு ஏத்தாப்புல உள்ள விடறது, குச்சியை உடனே உருவறது, குச்சி இருந்தா மூச்சே வராது. போகலைன்னா அரை அளவு சின்னது. அதுவும் போகலைன்னா 108ஐக் கூப்பிட்டுக்கிட்டே அம்பு பேக்.

பஞ்சுக்காத்து | ஜூன் 21, காலை 11.30

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இருக்கறவங்களுக்கு. பனியன் கம்பெனி, தறிக்குடோன் பக்கத்துல வீடுன்னா பஞ்சு பறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில்லு தூசி, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தூசி. மூக்குல வடிகட்டற வேலை டியூப்ல நடக்காது, எல்லாம் நேரா நுரையீரலுக்கு. இப்பப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆரம்பிச்சாச்சு. ஆவணி வரைக்கும் பஸ் ஜன்னல் சீட்டுல உக்கார வைக்காதீங்க.

செயற்கை மூக்கு போடறது, கழட்டறது, மாத்தறது பிள்ளைக்கு அஞ்சாறு வயசுலயே குடுத்துரலாம். செருகறப்ப ஒரு கை டியூப் சிறகை (கழுத்துல படியற தகடு) பிடிச்சிருக்கணும், இல்லைன்னா டியூபே ஆடும். அது மூச்சுல வர்ற ஈரத்தைத் தேக்கித் திருப்பிக் குடுக்குது. கழுவக் கூடாது, தண்ணி பட்டா அது சோலி முடிஞ்சுது. 24 மணி நேரத்துக்கு ஒண்ணு, சளி பட்டா உடனே வேற. சளி ஒட்டினதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா மூச்சு முட்டும். சின்னப் பிள்ளைக்கு எடைக்கு ஏத்த சைஸ்தான் போடணும், பெரியவங்களுது போட்டா விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்.

கட்டுத்தரை | ஜூன் 21, மதியம் 12.05

குளிச்சு முடிச்சதும் தலைக்குச் சாம்பிராணிப் புகை போடறாங்களே, அது?

பஞ்சுக்காத்து | ஜூன் 21, மதியம் 12.20

பக்கத்து ரூம்லகூட வேண்டாங்க. கொசுவத்தி, பவுடர், சென்ட் ஸ்பிரே, தீபாவளிப் புகை எல்லாம் ஒரே கணக்கு.

வார்டு அக்கா | ஜூன் 21, இரவு 9.30

ஓட்டையைச் சுத்தி மஞ்சள், விபூதி, எண்ணெய் தடவறதையும் சேர்த்துக்குங்க. கொதிச்சு ஆறின தண்ணியில நனைச்ச துணியால ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாத் துடைச்சு, உலர்ந்த துணியால ஒத்தி எடுத்தாப் போதும். பஞ்சு உருண்டை வேண்டாம், நூல் பிரியற மாதிரி வெட்டின காஸ் துணியும் வேண்டாம், இழை உள்ள போகும். சாயங்காலக் குளியல் முடிஞ்சதும் இதைப் பிள்ளையே செய்யலாம், ஏழு வயசு போதும். குளிக்கறப்பத் தண்ணி நெஞ்சுக்குக் கீழ. தலைக்கு ஊத்தறதுன்னா தலையைப் பின்னாடி சாய்ச்சு, ஊத்தறது பெரியவங்க.

பேச்சுப் பயிற்சி | ஜூலை 6, இரவு 8.15

டியூப் வாயில மாட்டிப் பேச வைக்கற வால்வைப் பத்தி யாரும் எழுதலை. தானா இருக்கறதுன்னா வாயைத் திறந்து "எனக்கு வேண்டாம்"னு சொல்ல முடியணும், முதல் உரிமை அது.

பாஸி-மியூர்ங்கற வால்வை யோசிச்சதே ஒரு நோயாளி. தசைச் சிதைவு நோயால வெண்டிலேட்டர்ல இருந்த டேவிட் மியூர்ங்கற இளைஞர், 1980கள்ல. மூச்சு டியூப் வழியா உள்ள போகும், வெளிய வர்றப்ப வால்வு மூடிக்கும். காத்து குரல்நாண் வழியா மேல வந்து குரல் பிறக்கும்.

அதனாலயே கஃப் ஊதியிருக்கற டியூப்ல இதைப் போட்டா மூச்சை வெளிய விட வழியே இல்லை, உயிர் போயிரும். மேல் பாதை அடைபட்ட பிள்ளைக்கும் ஆகாது. டியூப் வழியைப் பெரும்பாலும் அடைக்கற அளவுக்குப் பெருசா இருந்தாலும் முட்டும். முதல் தடவை டாக்டர் முன்னாடிதான். கொஞ்ச நிமிஷத்துல ஆரம்பிச்சு நேரத்தைக் கூட்டுவோம். கழட்டினதும் புஸ்ஸுன்னு காத்து பீறிட்டா, மூச்சு உள்ள தேங்கியிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு நிறுத்திருவோம்.

பிள்ளைக்குக் கத்துக்குடுக்கறது: போடறதுக்கு முன்னாடி சக்ஷன், மூச்சு முட்டினா முதல்ல வால்வைக் கழட்டு, அப்புறம் யோசி. தூங்கறப்பக் கூடாது. தூங்கி விழற பிள்ளையோட பஸ் பயணத்துலயும் கூடாது. மிதமான சோப்புத் தண்ணியில கழுவிக் காத்துல காய வை. வெந்நீர், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் படக் கூடாது, உள்ள இருக்கற மெல்லிய சவ்வு கெட்டுரும். செயற்கை மூக்கையும் இதையும் சேர்த்துப் போட்டுப் பிரயோஜனமில்லை, வெளிய வர்ற ஈரக்காத்து வாய் வழியாப் போயிருது.

கைவேலை டீச்சர் | ஜூலை 7, காலை 9.00

குரல் வந்ததும் முதல் வாரம் பிள்ளைங்க அடங்காது, கத்திக்கிட்டே இருக்கும். வீட்ல பொறுத்துக்குங்க.

நொய்யல்கரை | ஜூலை 19, காலை 10.15

மாசாந்திரப் பராமரிப்புன்னு கரண்டு நிறுத்தியிருக்காங்க. மிஷின் பேட்டரியில ஓடுது, ஆனா உறிஞ்ச மாட்டேங்குது. கால்மிதியில எடுத்துட்டோம், பொண்ணு நல்லா இருக்கா. மிஷினுக்கு என்னன்னு பார்க்கறதுங்க?

வார்டு அக்கா | ஜூலை 19, காலை 10.22

நாலு இடம். ஜாடி மூடி சரியா அமரலை. டியூபிங் மடங்கியிருக்கு இல்ல மாத்திச் சொருகியிருக்கு. ஜாடி நிறைஞ்சு உள்ள மிதவை மேல ஏறி வழியை மூடிருக்கு, முக்கால் ஜாடிக்கு முன்னாடியே கொட்டிரணும். கடைசியா அந்த வட்டமான வடிகட்டி, தண்ணி பட்டா அது காத்தை விடாது, புதுசு போடணும். மிஷின் வாயை உள்ளங்கையால மூடி முள்ளு ஏறுதான்னு பாருங்க. ஏறினா மிஷின் நல்லாத்தான் இருக்கு, கோளாறு அதுக்கு அப்புறம்.

இந்த நாலையும் கண்டுபிடிக்கறது பத்து வயசுப் பிள்ளைக்கு விளையாட்டு. வேணும்னே ஒண்ணைக் கழட்டி வெச்சுட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. வாரம் ஒரு தடவை கரண்டைப் பிடுங்கிட்டுப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குதுன்னு எழுதி வைங்க, குறைஞ்சுக்கிட்டே வந்தா பேட்டரி மாத்தற காலம்.

நொய்யல்கரை | ஜூலை 19, காலை 10.50

வடிகட்டிதானுங்க. நனைஞ்சிருந்துச்சு. கண்டுபிடிச்சது அவதான்.

பஞ்சுக்காத்து | ஜூலை 20, மாலை 5.00

கேத்தீட்டரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தறவங்க கவனிக்க. அதே பிள்ளைக்கு மட்டும், டாக்டர் சம்மதத்தோட மட்டும். சோப்புப் போட்ட வெந்நீரை உள்ள இழுத்து அலசி, வினிகர் கலந்த தண்ணியில ஊற வெச்சு, கொதிச்சு ஆறின தண்ணியில அலசி, தொங்கவிட்டு உள்ளயும் காயணும். ஈரத்தோட டப்பாவுல மூடினா கிருமிக்குத்தான் விருந்து. விறைச்சாலோ, முனை சொரசொரன்னு ஆனாலோ போட்டுருங்க. சிறுவாணித் தண்ணி வர்றவங்களுக்குத் தெரியாது, போர் உப்புத்தண்ணியில அலசினா டியூபிங்ல வெள்ளையா உப்புப் படியும். குடிதண்ணியைக் காய்ச்சி ஆற வெச்சே எடுங்க.

அஞ்சாம் வகுப்பு மிஸ் | ஜூலை 30, இரவு 7.10

ஆடிப்பதினெட்டு வருது. பவானி கூடுதுறை, கொடிவேரின்னு எல்லாரும் கிளம்புவாங்க. படியில உக்காந்து கால் நனைக்கலாம், அதோட சரி. பங்குனியில அம்மன் கோயில் கம்பம் எடுத்ததும் மஞ்சத்தண்ணி ஊத்தறதுல இன்னும் மோசம், யார் எந்தப் பக்கம் இருந்து ஊத்துவாங்கன்னே தெரியாது. அன்னிக்குப் பிள்ளை திண்ணையில இருந்து வேடிக்கை பார்க்கட்டும், ஊத்தற சொம்பை அது கையில குடுத்துருங்க.

மாமன் | ஆகஸ்ட் 11, இரவு 10.30

பதினாலு வயசுப் பையனுக்கு டியூப் மாத்தறதையே கத்துக்குடுக்கலாமுங்களா? நாடா கட்டறது வரைக்கும் வந்தாச்சு.

வார்டு அக்கா | ஆகஸ்ட் 12, காலை 6.40

கத்துக்கலாம், மாத்தலாம். ஆனா ரெண்டாவது ஆள் கை கழுவிட்டுப் பக்கத்துல நிக்கணும். இருபது வயசானாலும் இந்த விதி மாறாது.

வெறும் வயித்துல, இல்லைன்னா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. புது டியூப்ல நாடாவை ஒரு பக்கம் கோத்து, குச்சி செருகி, முனையில ஜெல்லி தடவி, அரை அளவு சின்னதையும் பிரிச்சுத் தயாரா வெச்சுட்டுத்தான் பழைய நாடாவை வெட்டணும். எல்லாம் எடுத்து வெச்ச பிறகு, நாடாவை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சக்ஷன். பழசை வளைவோட வெளிய இழுத்து, மூச்சு உள்ள இழுக்கறப்பப் புதுசை விட்டு, குச்சியை உருவு. காத்து வருதான்னு உள்ளங்கையில பார்க்கட்டும். நாடா கட்டற வரைக்கும் ஒரு கை சிறகை விடவே கூடாது. இருமினா டியூப் பறந்துரும்.

நாடா இறுக்கம்: தலையைக் குனிஞ்சு வெச்சுக் கட்டி, ஒரு விரல் நுழையணும். நிமிர்ந்து வெச்சுக் கட்டினா குனியறப்ப லொடலொடன்னு ஆகும். பையன்கள் கழுத்து உறுத்துதுன்னு ராத்திரியில தளர்த்தி விட்டுருவாங்க, காலையில ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்க.

மாமன் | ஆகஸ்ட் 12, இரவு 9.15

சரிங்க அக்கா. நாலு நாளாச் சளி, காய்ச்சல். எல்லாத்தையும் விட்டுட்டு அவங்கம்மாவையே எடுக்கச் சொல்றான். கத்துக்கிட்டதெல்லாம் போச்சுங்களா?

வார்டு அக்கா | ஆகஸ்ட் 12, இரவு 9.40

போகலை. காய்ச்சல்ல எடுத்துக்குடுங்க, கேள்வி கேக்காதீங்க. கையில தெம்பு இல்லாதப்ப அஞ்சு நொடிக்குள்ள முடிக்க வராது, அது அவனுக்கே தெரியுது. சளி எப்பன்னு சொல்றதையும் நிறுத்துன்னு சொல்றதையும் மட்டும் அவன்கிட்டயே விட்டுருங்க. இருமல் அடங்கினதும் முதல்ல செயற்கை மூக்கு, அப்புறம் காலைச் சக்ஷன், அப்புறம் மத்தது. காய்ச்சல் நாலு நாள் தாண்டியாச்சுன்னா நாளைக்குக் காலையில காட்டிருங்க. சளி நிற அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார்.